கணக்கெடுத்துப் பார்க்கறதா, குலுக்கல் போட்டுப் பிரிக்கறதா? எச்ஐவி ஆராய்ச்சிய வச்சு ஒரு அலசல்

தென்னாப்பிரிக்காவுல, டர்பன்ல நம்மாளுங்க வீட்டுல சக்கரை வியாதின்னு பேச்செடுத்தா, பாகற்காய் ஜூஸ் குடிச்சு சுகர் இறங்குன கதைய யாராவது ஒரு அத்தை சொல்லுவாங்க. அதே மாசம் சோத்தயும் கொறைச்சு சாயங்காலம் நடக்கவும் ஆரம்பிச்சிருந்தா எது வேலை செஞ்சுதுன்னு எப்படிப் பிரிக்கறது?

நடக்கறத கணக்கெடுத்துப் பார்க்கற ஆராய்ச்சிக்கும் இதே சிக்கல்தான். சுன்னத் பண்ண ஆம்பளைங்களுக்கு எச்ஐவி கம்மியா வருதுன்னு ஆப்பிரிக்காவுல பல வருஷமா கணக்கு சொல்லிட்டிருந்துச்சு, ஆனா அவங்க மதம், குடிப்பழக்கம், வாழ்க்கை முறை எல்லாமே வேற, அதனால யாரும் அடிச்சு சொல்ல முடியல. ஜோகன்னஸ்பர்க் பக்கத்துல ஆரஞ்ச் ஃபார்ம்ல 3,274 இளைஞர்கள குலுக்கல் மாதிரி ரெண்டா பிரிச்சு, ஒரு குரூப்புக்கு உடனே ஆபரேஷன், இன்னொண்ணுக்கு கடைசியில. 2005ல ரிசல்ட் வந்தப்போ தொற்று சுமார் 60 சதவீதம் கம்மி. குடிக்கறவன் குடிக்காதவன் ரெண்டு பக்கமும் கலந்துட்டதால அந்தச் சந்தேகம் அடங்கிருச்சு.

அப்போ குலுக்கல்தான் எப்பவும் ஜெயிக்குமா? வாய்ஸ்ங்கற எச்ஐவி தடுப்பு மருந்து ட்ரையல பாருங்க. தென்னாப்பிரிக்கா, உகாண்டா, ஜிம்பாப்வேல 5,029 பெண்கள், அதுல நெறைய பேர் நம்ம டர்பன் பகுதி, எச்ஐவி வராம தடுக்கற மாத்திரையும் ஜெல்லும் போலி மருந்தோட ஒப்பிட்டாங்க. 2013ல வந்த ரிசல்ட், எதுவுமே காப்பாத்தல. ஒழுங்கா எடுக்கறோம்னு வாயால சொன்ன கணக்கு 90 சதவீதத்த ஒட்டி, ரத்தத்த சோதிச்சா மருந்து இருந்தது 30 சதவீதமோ அதுக்கும் கீழயோதான். டப்பாவ யாராவது பார்த்துட்டா நமக்கே நோய் இருக்குன்னு நெனைப்பாங்களோங்கற பயம் பல பெண்களுக்கு, அவங்கள குத்தம் சொல்ல எனக்கு மனசே வரல. மருந்து தோத்துச்சா, இல்ல உள்ளயே போகலயான்னு சொன்னது ரத்தம்தான். ரத்தம் எடுத்து வைக்காம இருந்திருந்தா மருந்தே வேஸ்ட்னு எழுதி முடிச்சிருப்பாங்க.

2024ல ரிசல்ட் வந்த பர்ப்பஸ் 1ங்கற ட்ரையல் வேற மாதிரி. தென்னாப்பிரிக்காவுலயும் உகாண்டாவுலயும் எச்ஐவி வராம தடுக்கற லெனகாபவிர் ஊசிய வருஷத்துக்கு ரெண்டு தடவ போட்டாங்க. வேலை செய்யற தடுப்பு மாத்திரை (ட்ருவாடா) ஏற்கனவே இருக்கும்போது போலி மருந்து மட்டும் குடுக்கறது தப்பு, அதனால போலி குரூப்பே கிடையாது. ட்ரையலுக்கு டெஸ்ட் பண்ண வந்தவங்கள்ல புதுசா தொத்துன அளவ மதிப்பிட்டு (100 பேருக்கு வருஷத்துக்கு 2.41) அதோட ஒப்பிட்டாங்க. ஊசி போட்ட 2,134 பேர்ல ஒருத்தருக்குக்கூட வரல, ட்ருவாடா மாத்திரை எடுத்த 1,068 பேர்ல 16 பேருக்கு வந்துச்சு. டெஸ்ட்டுக்கு வந்தவங்கள வச்சு போட்ட அந்த மதிப்பீடு மட்டும் இருந்தா நான் கொஞ்சம் தயங்குவேன், குலுக்கல்ல பிரிச்ச மாத்திரை குரூப்பும் பக்கத்துலயே இருந்ததாலதான் முழுசா நம்பறேன்.

மருந்து வேலை செய்யுதாங்கற கேள்விக்கு என் ஓட்டு குலுக்கலுக்கு, கூடவே ரத்த டெஸ்டும் கட்டாயம் வேணும். ஆனா பத்து வருஷம் கழிச்சு வர்ற அபூர்வமான பக்கவிளைவ ரெண்டாயிரம் பேர் ட்ரையல் காட்டாது, அதுக்கு ஊர் முழுக்க ஊசி போட்டுக்கறவங்கள வருஷக்கணக்கா கணக்கெடுத்துட்டே இருக்கணும்.