ஆய்வுக்கூடமா, மானியமா, கடனா? ஆராய்ச்சிப் பணம் போக வேண்டிய இடம்

இந்தியா ஆராய்ச்சிக்காகச் செலவிடுவது மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 0.64 சதவீதம். இது 2020-21 கணக்கு. சீனா அப்போதே 2.4 சதவீதத்தில் இருந்தது. 2003-ல் வந்த அறிவியல் கொள்கை 2 சதவீதத்தை இலக்காக வைத்தது. 2013 கொள்கையும் அதையே திரும்பச் சொன்னது. தொகை கூட வேண்டும் என்பதில் யாருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. வருகிற பணத்தை யார் கையில், எந்த வடிவில் கொடுப்பது என்பதில்தான் இழுபறி.

பழைய வழி, அரசே ஆய்வுக்கூடம் நடத்துவது. 1942-ல் தொடங்கிய அறிவியல் மற்றும் தொழில் ஆராய்ச்சிக் கழகமான சிஎஸ்ஐஆரின் கீழ் இன்று 37 ஆய்வகங்கள் இருக்கின்றன. சென்னை அடையாறில் தோல் ஆராய்ச்சி நிறுவனம். காரைக்குடியில் அழகப்ப செட்டியார் 300 ஏக்கரும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து வரவழைத்த மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனமான சிக்ரி. எருமைப் பாலிலிருந்து குழந்தை உணவு, ஸ்வராஜ் டிராக்டர், நம் விரலில் வைக்கும் தேர்தல் மை எல்லாம் இந்த ஆய்வகங்கள் தந்தவை. வேலை தெளிவாக இருந்தபோது இவை நன்றாகவே செய்தன. ஆனால் ஒதுக்கீட்டில் கணிசமான பங்கு சம்பளத்துக்கும் ஓய்வூதியத்துக்கும் போய்விடுகிறது. அதைவிடப் பெரிய குறை, ஆராய்ச்சி ஒரு பக்கமும் மாணவர்கள் இன்னொரு பக்கமுமாகப் பிரிந்துபோனது. இயற்பியலாளர் மேக்நாத் சாஹா அந்தக் காலத்திலேயே இதை எதிர்த்தார்.

நேர் எதிர்முனையில் இருப்பது புதிய கடன் திட்டம். 2025 ஜூலையில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்த ஒரு லட்சம் கோடி ரூபாய் நிதி இது. தனியார் நிறுவனங்களுக்குக் குறைந்த வட்டியில், அல்லது வட்டியே இல்லாமல், நீண்டகாலக் கடன். பங்கு முதலீடும் உண்டு. நோக்கம் நியாயமானது. இங்கே ஆராய்ச்சிச் செலவில் தனியாரின் பங்கு சுமார் 36 சதவீதம்தான். முன்பு ஆராய்ச்சிக்குச் செலவழித்த நிறுவனங்களுக்கு 200 சதவீத வருமான வரிக் கழிவு இருந்தது, அதாவது 100 ரூபாய் செலவழித்தால் வரிக்கு உட்பட்ட வருமானத்தில் 200 ரூபாயைக் கழித்துக்கொள்ளலாம். அது 150 ஆகி, 2020-21 முதல் 100 ஆகிவிட்டது. அந்தச் சலுகையைவிடக் கடன் மேல் என்றே நினைக்கிறேன். வரிக் கழிவு லாபம் பார்க்கும் பெரிய கம்பெனிக்குத்தான் உதவும். கடன் இன்னும் லாபம் காணாத சின்ன நிறுவனத்துக்கும் கிடைக்கலாம். ஆனால் ஒரு நிபந்தனை இருக்கிறது. ஒரு தொழில்நுட்பம் வெறும் கருத்திலிருந்து நிஜப் பயன்பாடு வரை எவ்வளவு தூரம் வந்திருக்கிறது என்பதை அளக்கும், ஒன்பது படிகள் கொண்ட தயார்நிலை அளவுகோலில் நான்காம் படியை எட்டிய திட்டங்களுக்குத்தான் பணம். முதல் மூன்று படிகளை யார் ஏற்றிவிடுவது?

ரோட்டாவாக் தடுப்பூசியின் கதை இதற்குப் பதில் சொல்லும். குழந்தைகளின் வயிற்றுப்போக்குக்கு எதிரான இந்த மருந்துக்கு அடிப்படையான வைரஸை, 1980-களின் நடுவில் டெல்லி எய்ம்ஸில் பிறந்த குழந்தைகளிடமிருந்து பிரித்தெடுத்தார்கள். அப்புறம் உயிரித் தொழில்நுட்பத் துறையின் பணமும் வெளிநாட்டு அறக்கட்டளை உதவியும் வந்தன. பாரத் பயோடெக் உற்பத்தியைக் கையில் எடுத்தது. கடைசிக் கட்டச் சோதனை 6,799 குழந்தைகளிடம் டெல்லி, புனே, வேலூர் ஆகிய இடங்களில் நடந்தது. 2014-ல் உரிமம், 2016-ல் தேசியத் தடுப்பூசித் திட்டத்தில் இடம். ஏறக்குறைய 30 ஆண்டுகள். இப்போது வந்திருக்கிற கடன் அன்று இருந்திருந்தால் பின்பாதி வேகமாக நடந்திருக்கலாம். முன்பாதிக்கு அதனால் ஒரு பயனும் இருந்திருக்காது. எதற்கு உதவும் என்று யாருக்கும் தெரியாத ஒரு வைரஸை நம்பி எவரும் கடன் வாங்க மாட்டார்கள்.

அந்த முன்பாதிக்கு உரியது மூன்றாவது வழியான மானியம். போட்டியில் தேர்வாகும் ஆய்வாளருக்கு நேராகப் பணம். 2023 சட்டத்தால் உருவான அனுசந்தான் தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளை இதற்குத்தான். ஐந்து ஆண்டுகளில் 50,000 கோடி என்று அறிவித்தார்கள். அதில் அரசின் பங்கு 14,000 கோடி. மீதி 36,000 கோடி தனியாரிடமிருந்தும் பிற இடங்களிலிருந்தும் வர வேண்டும். இந்தக் கணக்கு எனக்குக் கவலை தருகிறது. அடிப்படை ஆராய்ச்சிக்கு வெளியாரின் நன்கொடையை நம்புகிறோம், கம்பெனிகளின் கடனுக்கு அரசே ஒரு லட்சம் கோடி எடுத்து வைக்கிறது.

மானியத்திலும் பழைய கோளாறு உண்டு. பெரும்பகுதி ஐஐடி போன்ற பெரிய நிறுவனங்களுக்கே போகும். நாட்டின் பெரும்பான்மை மாணவர்கள் படிக்கும் மாநிலப் பல்கலைக்கழகங்களுக்கும் கல்லூரிகளுக்கும் மிச்சம்தான் கிடைக்கும். பெரிய நிறுவனம் ஒன்றைச் சுற்றிச் சிறிய பல்கலைக்கழகங்களைக் கோக்கும் 'பேர்' (PAIR) என்ற திட்டத்தைப் புதிய அறக்கட்டளை தொடங்கியிருப்பது நல்ல அடி. அடுத்து பணம் நேரத்துக்கு வர வேண்டும். ஆய்வு மாணவர்களுக்கான இளநிலை ஆய்வு மாத உதவித்தொகையை 2023-ல் 31,000-லிருந்து 37,000 ரூபாயாக உயர்த்தினார்கள், சரி. அது மாதக்கணக்கில் தாமதமானால் வெளியூரிலிருந்து வந்து அறை எடுத்துத் தங்கியிருக்கும் மாணவர் வாடகைக்கு என்ன செய்வார்?

என்னைக் கேட்டால், அடுத்து ஒதுக்கும் ஒவ்வொரு கூடுதல் ரூபாயும் முதலில் மானியத்துக்கே போக வேண்டும், அதில் ஒரு நிலையான பங்கை மாநிலப் பல்கலைக்கழகங்களுக்கென்று ஒதுக்கியும் வைக்க வேண்டும். ஆய்வகங்களுக்கு இப்போதைய தொகை தொடரட்டும், பக்கத்துப் பல்கலைக்கழக மாணவர்களை உள்ளே விடும் நிபந்தனையோடு. கடன் நிதியும் இருக்கட்டும். ஆனால் அதிலிருந்து திரும்பி வரும் தவணையில் ஒரு பகுதியை முதல் மூன்று படிகளுக்கான மானியமாகத் திருப்பிவிடச் சட்டத்திலேயே இடம் செய்ய வேண்டும்.