பார்த்துக்கொள்பவருக்கு எதை வாங்கித் தரலாம்? இரவு அட்டெண்டர், கட்டில், காற்று மெத்தை: ஒரு மதிப்பீடு

படுத்த படுக்கையாக இருப்பவரைப் பார்க்க வருகிற உறவினர் கையில் ஆப்பிளும் ஹார்லிக்ஸும் இருக்கும். நோயாளிக்குச் சர்க்கரை என்றால் அந்த பாட்டில் அலமாரியிலேயே காலாவதியாகும். அவரைத் தூக்கி உட்காரவைத்து, துடைத்துவிட்டு, நடு ராத்திரியில் எழுந்து புரட்டிப் படுக்கவைக்கிற மனைவிக்கோ மகளுக்கோ மருமகளுக்கோ "நீ இல்லேன்னா என்னம்மா ஆகியிருக்கும்" என்ற வார்த்தை மட்டும் மிஞ்சும். வார்த்தையோடு கொஞ்சம் பணமும் செலவழிக்க நினைக்கிற அண்ணன் தம்பிகளுக்கும், வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளுக்குமான மதிப்பீடு இது. பார்த்துக்கொள்பவரின் தூக்கம் கூடுகிறதா, இடுப்பு வலி குறைகிறதா என்ற இரண்டைத்தான் பார்த்திருக்கிறோம்.

தூக்கத்துக்கு, இரவில் நோயாளியைப் பார்த்துக்கொள்ள வரும் சம்பள ஆளான இரவு அட்டெண்டரை மிஞ்ச எதுவும் இல்லை. சென்னையில் வீட்டுக்கு ஆள் அனுப்பும் ஏஜென்சிகள் 12 மணி நேர ஷிஃப்ட், 24 மணி நேரம் வீட்டோடு தங்கும் ஆள் என்று இரண்டு வகையாகத் தருகிறார்கள். கணக்குப் பார்த்தால் இரண்டாவதுதான் மலிவாகத் தெரியும். ஆனால் பகலெல்லாம் வேலை செய்தவர் ராத்திரி தூங்கத்தானே செய்வார்? கூப்பிட்டால் எழுந்து வருவார், ஆனால் கூப்பிடுவதற்கு வீட்டில் ஒருவர் விழித்திருக்க வேண்டும். தூக்கம்தான் நோக்கம் என்றால் இரவு 8 முதல் காலை 8 வரை விழித்திருக்கும் ஷிஃப்டையே கேளுங்கள். மாதம் முழுக்க வைக்க வசதியில்லாவிட்டால் வாரம் இரண்டு இரவு போதும். "மாசக் கணக்குதான்" என்று முதலில் சொல்லும் ஏஜென்சியும் பேசிப் பார்த்தால் இறங்கி வருவதுண்டு. ஒரு நாள் ரேட் கொஞ்சம் கூடும், அவ்வளவுதான்.

இதில் பணம் வீணாவது பெரும்பாலும் முதல் இரவில். புது ஆள் என்ன செய்கிறாரோ என்று பார்த்துக்கொள்பவரும் கூடவே விழித்திருந்தால் சம்பளமும் போச்சு, தூக்கமும் போச்சு. அன்று மட்டும் ஆளை இரண்டு மணி நேரம் முன்னதாக வரச் சொல்லுங்கள். இரவுச் சாப்பாடு, டயப்பர் மாற்றுவது, ஒரு முறை புரட்டிப் படுக்கவைப்பது, இந்த மூன்றையும் சேர்ந்தே செய்து காட்டிவிடலாம். ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள்: 10 மணிக்கு இடப்பக்கம், 12 மணிக்கு மல்லாந்து, 2 மணிக்கு வலப்பக்கம், எந்த மாத்திரை எப்போது. அதே தாளில், என்ன நடந்தால் தன்னை எழுப்ப வேண்டும் என்பதையும் பார்த்துக்கொள்பவரை எழுதச் சொல்லுங்கள். காய்ச்சல், மூச்சுத் திணறல், யூரின் பையில் ரத்தம் அல்லது பல மணி நேரமாகச் சொட்டும் இறங்காதது. 108-ஐயும் குடும்ப டாக்டர் எண்ணையும் பெரிதாக எழுதலாம். இந்தப் பட்டியல் இருந்தால்தான் பார்த்துக்கொள்பவர் அடுத்த அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு படுப்பார்.

ஏஜென்சியிடம் முன்கூட்டியே கேட்க வேண்டியவை சில உண்டு. தினம் ஒரு ஆள் மாறினால் தினமும் பாடம் எடுக்க வேண்டிவரும், அதனால் ஒரே ஆள் வருவாரா என்று கேளுங்கள். லீவு போட்டால் மாற்று ஆள் எத்தனை மணி நேரத்தில் வருவார், சாப்பாடு யார் பொறுப்பு, பதிவுக் கட்டணம் திரும்ப வருமா என்பதையும் வாட்ஸ்அப்பில் எழுத்தாகவே வாங்கிக்கொள்ளுங்கள். முதலில் ஒரு வாரத்துக்கு மட்டும் பணம் கட்டினால் போதும். மூக்குக் குழாய் போடுவது, கதீட்டர் (சிறுநீர்க் குழாய்) மாற்றுவது, ஊசி போடுவது அட்டெண்டர் வேலை இல்லை. அதற்கு ஏ.என்.எம். அல்லது ஜி.என்.எம். படித்த நர்ஸ் வேண்டும், அவர்களுக்குச் சம்பளமும் கூடுதல்.

அடுத்தது கட்டில். சாதாரணக் கட்டிலில் குனிந்து குனிந்தே இடுப்பு போய்விடும். எழும்பூர், கீழ்ப்பாக்கம், பூந்தமல்லி நெடுஞ்சாலைப் பக்கம் மருத்துவ உபகரணக் கடைகளில் ஆஸ்பத்திரிக் கட்டில் வாடகைக்கும் கிடைக்கும், விலைக்கும் கிடைக்கும். செமி ஃபவ்லர் என்றால் ஒரு கைப்பிடி, தலைப்பக்கம் மட்டும் ஏறும். ஃபுல் ஃபவ்லரில் இரண்டு கைப்பிடி, முழங்கால் பக்கமும் ஏறும். வாடகையில் வித்தியாசம் சிறிதுதான், இரண்டாவதையே எடுங்கள். முழங்கால் பக்கத்தை முதலில் ஏற்றிவிட்டு அப்புறம் தலைப்பக்கத்தை ஏற்றினால் நோயாளி கீழே சரிய மாட்டார். சரிந்தவரை மேலே இழுப்பதில்தான் இடுப்பு பிடித்துக்கொள்கிறது.

ஆனால் இந்த இரண்டிலும் கட்டிலின் உயரம் மாறாது. மொத்தக் கட்டிலும் ஏறி இறங்கும் 'ஹை-லோ' வசதி உள்ளதுதான் பார்த்துக்கொள்பவருக்கு உண்மையான பரிசு. துடைக்கும்போது அவர் இடுப்பு உயரத்துக்கு ஏற்றலாம், நோயாளியை இறக்கும்போது பாதம் தரையில் படியும் அளவுக்கு இறக்கலாம். வாடகை கூடத்தான் செய்யும். பணம் கொடுக்கும் உறவினர் யாராவது இருந்தால் இதில் கொடுக்கட்டும். டெலிவரி ஆள் கிளம்புவதற்கு முன் எல்லாக் கைப்பிடியையும் கடைசி வரை சுற்றிப் பார்த்து, சக்கர பிரேக்கைப் போட்டு ஆட்டிப் பார்த்து, துருவையும் கீறலையும் போட்டோ எடுத்துவிடுங்கள். இல்லாவிட்டால் திருப்பிக் கொடுக்கும்போது அட்வான்ஸில் பிடிப்பார்கள். லிஃப்ட் இல்லாத மூன்றாம் மாடி என்றால் ஏற்றுக்கூலியை முதலிலேயே பேசிவிடுவது நல்லது.

படுக்கைப் புண் வராமலிருக்கப் போடும் காற்று மெத்தையை எல்லோரும் முதலில் வாங்குகிறார்கள். நோயாளியின் தோலுக்கு அது நல்லதுதான், பார்த்துக்கொள்பவருக்குத் தூக்கம் தரும் என்று மட்டும் நம்ப வேண்டாம். காற்று மெத்தை போட்டாலும் புரட்டிப் படுக்கவைக்கத்தான் வேண்டும். குமிழ் வகை சுமார் மூவாயிரம் ரூபாய்க்குக் கிடைக்கும். குழாய் வகை விலை கூடுதல், கனத்த உடம்புக்கும் ஏற்கெனவே புண் தொடங்கியவருக்கும் அதுதான் சரி. குமிழ் வகையைக் கட்டில் பலகைமேல் நேராகப் போடக்கூடாது, இருக்கும் மெத்தைமேல் குமிழ் மேல்நோக்கி இருக்கும்படி விரிக்க வேண்டும். மேலே ஒரே ஒரு மெல்லிய பருத்தி விரிப்பு. ரப்பர் ஷீட், கம்பளி, மடித்த போர்வை என்று அடுக்கினால் மெத்தை போட்டதற்கே அர்த்தமில்லை. காற்று போதுமா என்று பார்க்க, தலைப்பக்கம் ஏற்றிய நிலையில் இடுப்புக்கு நேர் கீழே, காற்று மெத்தைக்கு அடியில் உள்ளங்கையை நுழையுங்கள். எலும்பு கையில் தட்டினால் காற்று போதாது. ஒரு அங்குலமாவது இடைவெளி இருக்க வேண்டும். பஞ்சராக முக்கியக் காரணம் சேலையில் குத்திய சேஃப்டி பின்னும் இன்சுலின் ஊசியும்தான். பம்ப்புக்கு மின்சாரம் மிகக் குறைவாகவே ஆகும் என்பதால் அதை இன்வெர்ட்டர் லைனில் மாட்டிவிடுங்கள். கோடைக்கால மின்வெட்டில் மெத்தை தட்டையாகாது.

சின்னச் சாமான்களில் சறுக்குத் துணி மிக நல்ல வாங்கல். வழவழப்பான நைலான் இரண்டு மடிப்பாக வரும். அடியில் நுழைத்து மேலே தள்ளினால் தோல் உராயாமல் ஆள் நகர்வார். வேலை முடிந்ததும் உருவி எடுத்துவிட வேண்டும், அப்படியே விட்டுவிட்டுத் தலைப்பக்கத்தை ஏற்றினால் நோயாளியே சறுக்கி விழுவார். நோயாளி நிற்க முடிகிறவர் என்றால், எழுப்பும்போது பிடித்துக்கொள்ள அவர் இடுப்பில் கட்டும் பட்டை வாங்கலாம். உள்ளே இரண்டு விரல் நுழையும் அளவுக்கு இறுக்கினால் போதும். வயிற்றில் குழாயோ புது ஆபரேஷன் தையலோ இருந்தால் கூடாது. சில நூறு ரூபாய் வயர்லெஸ் காலிங் பெல்லை நோயாளி கைக்கு எட்டும் இடத்தில் கட்டிவிட்டால், கூப்பிடுவாரோ என்று காதைத் தீட்டிக்கொண்டே படுக்க வேண்டியதில்லை. பேட்டரியை மட்டும் அவ்வப்போது பாருங்கள்.

ஸ்பா கூப்பன், சினிமா டிக்கெட், கிஃப்ட் ஹாம்பர் எல்லாம் வேண்டாம். மாற்று ஆள் இல்லாமல் அவர் தெருமுனைக்கே போக முடியாது. கொடுத்தே ஆவேன் என்றால் அந்த நேரத்துக்கு நீங்கள் வந்து உட்காருங்கள்.

காசில்லாமல் கிடைப்பதும் உண்டு. 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பிசியோதெரபியும் வலி நிவாரணப் பராமரிப்பும் வீட்டுக்கே வரும். அருகிலுள்ள நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் கொடுங்கள். வரும் பிசியோதெரபிஸ்ட்டிடம், தூக்கும் முறையைப் பார்த்துக்கொள்பவருக்கும் சொல்லித்தரச் சொல்லுங்கள், கேட்டால்தான் சொல்வார்கள். மனசு கனத்தால் அரசின் மனநல உதவி எண்ணான டெலி மனஸ் 14416. எந்த நேரத்திலும் தமிழிலேயே பேசலாம்.

அட்டெண்டரும் பார்த்துக்கொள்பவர்தான். சாய்மானம் உள்ள நாற்காலி, ஃபேன், பதினொரு மணிக்கு ஒரு டீ இருந்தால் அவர் அடுத்த வாரமும் வருவார். நீங்கள் கட்டும் தொகையில் ஏஜென்சி தன் பங்கை எடுத்தது போகத்தான் அவருக்குப் போகும். தீபாவளி, பொங்கல் போனஸை ஏஜென்சி கணக்கில் போடாமல் அவர் கையிலேயே கொடுங்கள்.