வயசானவங்களுக்குக் கேரியர் சாப்பாடா? கொள்ளுப் பருப்புக்கே வாங்கலாமுங்க

ஈரோட்டுல பெருந்துறை ரோட்டுப் பக்கம் கேரியர்ல மதியச் சாப்பாடு கொடுத்தனுப்புற இந்த மெஸ்ஸை அப்பாவுக்காகப் புடிச்சேன். அவருக்கு 74 வயசு, 58 கிலோ. எதை வெச்சாலும் "போதுங் கண்ணு, பசியில்லை"ன்னு ரெண்டு வாய் ரசஞ்சோத்தோட எந்திரிச்சுக்குவாரு.

இங்க கொள்ளுப் பருப்புதானுங்க விசேஷம். நல்லா வேகவெச்சு, சீரகம், பூண்டு, வரமிளகாய் போட்டு மசியக் கடைஞ்சிருக்காங்க. கடவாய்ப் பல்லு இல்லாதவருக்கு மெல்லுற வேலையே இல்லை. வயசானா நாக்கு ருசியும் மூக்கு வாசமும் மங்கிருதில்லீங்களா, அதுக்கு இந்தத் தாளிப்பு நல்லா எடுபடுது. நல்லெண்ணெய் ஊத்திப் பெசைஞ்சு, இன்னொரு கரண்டி கேட்டு வாங்கிச் சாப்பிடறாரு.

வயசானவங்களுக்கு ஒரு நாளைக்கு உடம்பு எடையில கிலோவுக்கு 1 முதல் 1.2 கிராம் புரதம் நல்லதுங்கறாங்க. அப்பாவுக்கு 60, 70 கிராம் வருது. காஞ்ச கொள்ளு 100 கிராமுக்கு ஏறக்குறைய 22 கிராம், முட்டைக்கு 6. ஆனா புரதம் வயித்தைச் சீக்கிரம் நெறைச்சிரும். ஒரே வேளையில திணிச்சா ராத்திரிப் பட்டினிதான். அதனால காலையில முட்டை, ராத்திரி பச்சைப்பயறு வீட்டுலயே. மெஸ்ல "சோத்தைக் குறைச்சுப் பருப்பைக் கூட்டுங்க"ன்னேன், மறுபேச்சில்லாம மாத்திட்டாங்க.

ரசத்துல உப்பு தூக்கல், பிரஷர்காரங்க முன்னாடியே சொல்லி வெச்சுக்குங்க. கிட்னிக் கோளாறு இருந்தா டாக்டரைக் கேட்காம பருப்பைக் கூட்டாதீங்க. ஞாயித்துக்கெழமை நாட்டுக்கோழி கொழம்பு அருமை, துண்டு மட்டும் ரப்பர். அப்பா கொழம்பைத் தொட்டுக்கிட்டுக் கறியை என் தட்டுக்குத் தள்ளிட்டாரு.