கைவினைச் சரக்குக்குப் பணம் எப்போது கொடுப்பது? மூன்று கொள்முதல் முறைகள்

கைவினைப் பொருள் விற்கும் சிறு கடைக்காரர் சரக்கு எடுக்க மூன்று வழிகள் உண்டு. பொருளை வாங்கி அடுக்கி வைத்துக்கொண்டு விற்ற பிறகு பணம் தருவது ஒன்று. வியாபாரத்தில் இதைக் கன்சைன்மென்ட் என்பார்கள். கைவினைஞரையே இணையச் சந்தையில் விற்கவைத்து, படம் எடுப்பது, பேக்கிங் செய்வது போன்றவற்றில் உதவிக் கமிஷன் பெறுவது மற்றொன்று. ஆர்டர் கொடுக்கும்போதே பாதித் தொகையை முன்பணமாகக் கொடுத்துவிட்டு, மீதியைச் சரக்கு வந்ததும் தீர்ப்பது மூன்றாவது. பத்தமடைப் பாய்க்கும் பனையோலைப் பொருள்களுக்கும் நான் மூன்றாவதைத்தான் கடைப்பிடிக்கிறேன் என்பதால், இந்த அலசல் அதன் பக்கமே சாயும்.

விலையைப் பற்றி நீட்டிப் பேச வேண்டியதில்லை. எந்த வழியானாலும் விற்றுக் கொடுப்பவருக்கு ஒரு பங்கு போகத்தான் செய்யும். இணையத்தில் கமிஷன், கூரியர், திரும்பி வரும் சரக்கு என அது வேறு பெயர்களில் கழியும். கைவினைஞர் தொழிலில் நீடிப்பாரா என்பதைத் தீர்மானிப்பது, பணம் எந்த நாளில் அவர் கைக்கு வருகிறது என்பதே.

பத்தமடையையே பார்ப்போம். தாமிரபரணிப் பக்கத்துக் கோரையை அறுவடைக் காலத்தில் வாங்கிக் கீறி, உலர்த்தி, ஆற்று நீரில் ஊறவைத்து, மறுபடி காயவைத்துச் சேர்த்தால்தான் பின்வரும் மாதங்களில் தறி ஓடும். நயமான பட்டுப் பாய் ஒன்றை நெய்து முடிக்க வாரக்கணக்கில் ஆகும். கோரைக்கும் சாயத்துக்கும் பாவு நூலுக்கும் நெசவாளர் பணம் போடும் நாளுக்கும், அந்தப் பாய் விலைபோகும் நாளுக்கும் இடையில் பல மாதங்கள் ஓடிவிடலாம். கையிருப்பு இல்லாதவர் அந்த இடைவெளியை வட்டிக்கு வாங்கித்தான் கடக்க வேண்டும். கூலியில் ஒரு பகுதி வட்டிக்கே போய்விட, கடன் கொடுத்தவர் வியாபாரியாகவும் இருந்துவிட்டால் பாயின் விலையையும் அவரே சொல்வார். பாதித் தொகை முதலிலேயே வந்துவிட்டால் இந்தச் சங்கிலி தொடங்குவதில்லை. உலக நியாய வணிக அமைப்பின் நெறிமுறைகளில், கைவினைப் பொருள்களுக்கு உற்பத்தியாளர் கேட்டால் குறைந்தது 50 சதவீதத்தை வட்டியில்லா முன்பணமாகத் தர வேண்டும் என்று இருப்பதும் இதனால்தான்.

மணமக்கள் பெயர் நெய்த கல்யாணப் பாயில் இது இன்னும் வெளிப்படை. பெயர் ஏறிய பாயை வேறு யாருக்கும் விற்க முடியாது. அதற்கு வாடிக்கையாளரிடம் முழுத் தொகையையும் முன்கூட்டியே வாங்கிவிடுகிறேன். பெயர்களின் எழுத்தையும் அவர் கைப்படவே எழுதித் தரச் சொல்கிறேன், ஏனெனில் தறியில் ஏறிய எழுத்துப்பிழையைத் திருத்த வழியில்லை.

முன்பணத்துக்கும் தொல்லைகள் உண்டு. விற்காத சரக்கு கடைக்காரர் தலையில்தான் விடியும். மழைக்காலத்தில் கோரையும் சாயமும் காய்வதற்கு நாளாகும், சொன்ன தேதி தள்ளிப்போகும், அதுவரை நம் பணம் அங்கே முடங்கியிருக்கும். ஆகவே தனி ஆளிடம் பெரிய தொகையாகக் கொடுக்காமல், மகளிர் குழுவின் வங்கிக் கணக்கில் சிறு ஆர்டர்களாகப் பிரித்துப் போடுவது நல்லது.

கன்சைன்மென்ட் கடைக்காரருக்குச் சுகமான ஏற்பாடு. விலைபோகுமா என்று தெரியாத புதிய வடிவத்தில் நாலைந்து உருப்படிகளை வைத்துப் பார்க்க அதை நானும் மறுக்க மாட்டேன். ஆனால் கண்ணாடி அலமாரியில் வெயில் பட்டுச் சாயம் வெளுத்த பாய், மாதங்கள் கழித்து அதை நெய்தவரிடமே திரும்பிப் போகும். 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் மேம்பாட்டுச் சட்டம், பதிவு பெற்ற சிறு உற்பத்தியாளருக்கு அதிகபட்சம் 45 நாளில் பணம் தரச் சொல்கிறது. கன்சைன்மென்டிலோ விற்பனை நடக்கும்வரை சரக்கு கைவினைஞருடையது என்பதால், அந்தக் கெடு அவருக்கு உதவுவது அரிது.

இணையச் சந்தை பனையோலைச் சிமிழ், கிலுகிலுப்பை போன்ற சிறு பொருள்களுக்குப் பொருந்தும். பாயில் பட்டு ரகத்தை மடித்து அனுப்பிவிடலாம். சாதாரணக் கோரைப் பாயைச் சுருட்டித்தான் அனுப்ப வேண்டும், கூரியர்காரர் எடையை விட்டுவிட்டு நீள அகலத்துக்குக் கட்டணம் போடும்போது பாயின் விலையே எட்டாத உயரத்துக்குப் போய்விடும். அங்கேயும் முதலில் நெய்து வைத்துவிட்டு, பிறகுதான் ஆர்டருக்குக் காத்திருக்க வேண்டும். மூலப்பொருளுக்கான பணம் அப்போதும் நெசவாளருடையதே.

இதுவெல்லாம் கோரையிலும் ஓலையிலும் கண்டது. சுவாமிமலை வெண்கலச் சிலை போல, வார்த்தபின் அச்சை உடைத்தெடுக்கும், உலோகத்துக்கே பெருந்தொகை பிடிக்கும் தொழிலில் நான் கொள்முதல் செய்ததில்லை. அங்கே பாதி முன்பணம் போதாமல் போகலாம் என்பதும், ஆர்டர் எழுதும் நாளிலேயே உலோக விலையைத் தனியாகப் பேசி முடிப்பது இருவருக்கும் பாதுகாப்பு என்பதும் என் ஊகம் மட்டுமே.