சிஹிரோவை எங்கே பார்ப்பது?

ஜப்பானிய அனிமேஷனான அனிமேயின் ரசிகர்கள் நாலு பேர் கூடினால், படம் பார்க்கத் தியேட்டரா, ஓடிடியா, புளூ-ரே டிஸ்க்கா என்ற வழக்கு வந்தே தீரும். புதுச்சேரியில் இருந்துகொண்டு மூன்றிலும் கைக்காசு விட்டவன் என்ற தகுதியில் சொல்கிறேன்: தியேட்டருக்கு நாம் கொடுக்கும் மரியாதை கொஞ்சம் அதிகம்தான்.

'டீமன் ஸ்லேயர்: இன்ஃபினிட்டி கேஸில்' 2025 செப்டம்பர் 12 அன்று இந்தியாவில் வெளியானபோது தமிழிலும் பேசியது. கடலூரிலிருந்து நண்பன் பஸ் ஏறி வந்துவிட்டான். முடிவில்லாத அந்தக் கோட்டையின் அறைகள் தலைகீழாகச் சுழல, ஆட்கள் அதற்குள் விழுந்துகொண்டே இருக்க, அந்த அதிர்வை நெஞ்செலும்பில் உணர்ந்தேன். இதை என் வீட்டு டிவியால் ஏழு ஜென்மத்துக்கும் தர முடியாது. சரி, அதற்குப் பிறகு? ஜப்பான்காரர்கள் இடைவேளை வைத்துக் கதை எழுதுவதில்லை. 155 நிமிடப் படத்தை நம்மூர்த் தியேட்டர் தானே ஓர் இடம் பார்த்து அறுத்தது, அதுவும் சண்டையின் நடுவில். கடைசியில் பெயர்கள் ஓடத் தொடங்கியதும் விளக்கைப் போட்டுவிட்டார்கள். துடைப்பத்தோடு ஒருவர் வாசலில் நின்று எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். முடிவுப் பாட்டும் படத்தில் சேர்த்திதான் என்று அவரிடம் போய் எப்படிச் சொல்வது?

ஓடிடியைப் பற்றி அதிகம் பேச ஒன்றுமில்லை. மலிவு, வசதி. 2020 பிப்ரவரியிலிருந்து ஜப்பானின் அனிமே நிறுவனமான கிப்லி ஸ்டூடியோவின் படங்கள் நெட்ஃபிளிக்ஸ் வழியாக நம் வீட்டுக்கே வரத் தொடங்கியதை நான் குறை சொன்னால் நாக்கு அழுகிவிடும். ஆனால் இரவு வானம் வரும் காட்சியில் படத்தை நிறுத்திவிட்டு டிவிக்கு அருகில் போய்ப் பாருங்கள். கருநீலம் மெல்ல வெளுத்துக்கொண்டு போக வேண்டிய இடத்தில், கடற்கரை மணலில் அலை விட்டுப்போன தடம்போலக் கோடு கோடாகத் தெரியும். தரவைச் சுருக்கி அனுப்புவதன் கூலி அது. நடிகர்கள் நடித்த படத்தில் இந்தக் குறை சொரசொரப்பில் மறைந்துவிடும். வழவழப்பாகத் தீட்டிய ஓவியத்தில் ஒளிய இடமில்லை. முழு எச்டி படத்துக்கு நொடிக்கு 5 மெகாபிட் வேகம் போதும் என்கிறது நெட்ஃபிளிக்ஸ். புளூ-ரேயில் படத்துக்கு மட்டுமே 40 மெகாபிட் வரை இடம் உண்டு.

ஆகவே என் ஓட்டு டிஸ்க்குக்கு. ஆனால் அதை வாங்குவது லேசுப்பட்ட காரியமல்ல. நேரு வீதியையும் மிஷன் வீதியையும் எத்தனையோ முறை சுற்றியிருக்கிறேன்; ஓர் அனிமே புளூ-ரேகூடக் கண்ணில் பட்டதில்லை. ஆனால் புதுச்சேரிக்காரனுக்கு வேறொரு வழி இருக்கிறது: பிரான்ஸில் இருக்கும் சித்தப்பா. விடுமுறைக்கு வந்தபோது 'ஸ்பிரிட்டட் அவே' கொண்டுவந்தார். அந்தப் படத்தில் பன்றிகளாக மாறிவிடும் பெற்றோரை மீட்கப் போராடும் சிறுமிதான் சிஹிரோ. ஆசையாகப் போட்டால் என் பிளேயர் முறைத்தது. புளூ-ரேக்கு உலகத்தை மூன்றாகப் பங்கு போட்டிருக்கிறார்கள்: பிரான்ஸ் பி, இந்தியா சி, ஜப்பான் ஏ. அடுத்த வருடம் தம் பழைய பிளேயரையே பெட்டியில் வைத்துக் கொண்டுவந்தார் சித்தப்பா. நல்லவேளை, அங்கும் 230 வோல்ட்தான்.

படம் ஓடியது, சப்டைட்டில் பிரெஞ்சில் மட்டும். பிரெஞ்சுப் பள்ளியில் படித்த சித்தி மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு வரி வரியாகத் தமிழில் சொன்னார். கிழவி யுபாபா, சிஹிரோவின் பெயரிலிருந்து எழுத்தைப் பிடுங்கி வெறும் 'சென்' ஆக்கும் இடம் வந்ததும் மொழிபெயர்ப்பை நிறுத்திவிட்டு, "பெயரையா பிடுங்குவாள், பாவி!" என்றார். எந்த டப்பிங்கிலும் இந்த வசனம் இல்லை.

டிஸ்க் என்றாலே சுத்தம் என்றும் நினைத்துவிடாதீர்கள். ஐரோப்பிய டிவிடிகளில் நொடிக்கு 24 சட்டகம் (ஃபிரேம்) ஓட வேண்டிய படத்தை 25 ஆக ஓட்டுவார்கள். 125 நிமிடப் படம் 120 நிமிடத்தில் முடிந்து, குரலும் சற்றே கீச்சென்று கேட்கும். 2002இல் ஜப்பானில் வந்த 'ஸ்பிரிட்டட் அவே' டிவிடியோ படம் முழுக்கச் செம்மண் பூசியதுபோலச் சிவந்திருந்தது. வாங்கியவர்கள் வழக்கே போட்டார்கள். 2014 புளூ-ரேயில்தான் வெள்ளை வெள்ளையானது. தியேட்டர்காரர் செய்யும் தவறு ஒரு காட்சியோடு போய்விடும். டிஸ்க்கில் விழுந்த தவறு அலமாரியில் வருடக்கணக்கில் உட்கார்ந்திருக்கும்.

புதுப் படம் என்றால் முதல் முறை தியேட்டருக்கே போவேன், துடைப்பக்காரரைப் பொறுத்துக்கொண்டு. பிடித்துப்போய்விட்டால் டிஸ்க். இந்த முறை சித்தப்பாவுக்கு அனுப்பிய பட்டியலில் இரண்டு படங்கள். இரண்டின் எதிரிலும் பதிப்பு வருடத்தை எழுதி, கீழே அடிக்கோடும் போட்டிருக்கிறேன்.