இன்டெல் ஏஎக்ஸ்210 வைஃபை கார்டு: லினக்ஸ் லேப்டாப்புக்குத் தாராளமாக வாங்கலாம்

பெங்களூரு எஸ்.பி. ரோட்டில் ஒரு சின்னக் கடையில் வாங்கினேன். கடைக்காரர் நம்ம ஊர்ப்பக்கம் என்பதால் தமிழிலேயே பேசி, "ஏஎக்ஸ்211 எடுத்துடாதீங்க சார், அது எல்லா போர்டுலயும் ஓடாது" என்று அவரே எச்சரித்தார். உண்மைதான். 211 சிஎன்விஐஓ2 (CNVio2) வகை, அதாவது வைஃபை வேலையில் ஒரு பகுதியை இன்டெல் பிராசசர் பக்கமே விட்டுவிடும் கார்டு, அதற்கேற்ற இன்டெல் பிராசசர் உள்ள லேப்டாப்பில்தான் வேலை செய்யும்; 210 ஏஎம்டி லேப்டாப்பிலும் ஓடும்.

பழைய கார்டு படுத்திய பாடு கொஞ்சநஞ்சமில்லை, லேப்டாப்பை மூடித் திறந்தால் வைஃபையே காணாமல் போகும், கெர்னல் (லினக்ஸின் மையப் பகுதி) அப்டேட் வந்தால் டிரைவரை மறுபடி கம்பைல் செய்ய வேண்டும். இதில் அந்தத் தொல்லையே இல்லை. இதற்கான ஐடபிள்யூஎல்வைஃபை (iwlwifi) டிரைவர் கெர்னலிலேயே இருக்கிறது, கெர்னல் 5.10 அல்லது அதற்கு மேல் இருந்தால் சரி, கூடவே கார்டுக்குள் ஓடும் மென்பொருளான ஃபர்ம்வேருக்கு லினக்ஸ்-ஃபர்ம்வேர் (linux-firmware) பேக்கேஜ் வேண்டும். மாட்டியும் வைஃபை வரவில்லை என்றால் முதலில் கெர்னலின் செய்திகளைக் காட்டும் டிமெசேஜ் (dmesg) கட்டளையை ஓட்டிப் பாருங்கள், ஃபர்ம்வேர் கோப்பு கிடைக்காவிட்டால் அங்கேயே சொல்லிவிடும், அப்புறம் வைஃபை முடக்கப்பட்டிருக்கிறதா என்று காட்டும் ஆர்எஃப்கில் (rfkill) கட்டளை.

ஆன்டெனா வயரின் முனை கடுகளவுதான், நேராக வைத்து நகத்தால் அழுத்தினால் டக்கென்று உட்காரும், சாய்த்து அழுத்தினால் நசுங்கிவிடும். சில பழைய லேப்டாப்களின் பயாஸ் (லேப்டாப் தொடங்கும்போது முதலில் ஓடும் மென்பொருள்) வேறு கார்டை ஏற்காது, அதை விசாரித்துவிட்டு வாங்குங்கள்.