மாற்றி மாற்றிப் போட்டாலும் போய்விடும் ஃபியூசர்: கலர் ஜெராக்ஸ் மெஷினில் எங்கே பார்ப்பது?

ஆபீஸ் கலர் ஜெராக்ஸ் மெஷினில் ஒரு ஃபியூசர் (டோனர் தூளைச் சூட்டாலும் அழுத்தத்தாலும் பேப்பரில் உருக்கி ஒட்டவைக்கும் யூனிட்) ஆயுள் முடிந்து போவது வேறு, புதிதாகப் போட்டது சில மாதத்தில் மறுபடி எரர் காட்டி நிற்பது வேறு. முதலாவதற்கு யூனிட்டை மாற்றினால் போதும். இரண்டாவதில் யூனிட் பெரும்பாலும் நிரபராதி. லைனில் வரும் கரண்ட், ஓட்டுகிற பேப்பர், மெஷினுக்குள் இருக்கும் கனெக்டர் இவற்றில் ஏதோ ஒன்று அதைக் கொன்றுகொண்டிருக்கும். ஏ3 கலர் மெஷின்களின் ஃபியூசர் ஆயுளைக் கம்பெனிகள் லட்சக் கணக்கான பக்கங்களில்தான் குறிக்கின்றன. அது இருபதாயிரம், முப்பதாயிரத்தில் இரண்டு முறை போயிருந்தால், மூன்றாவது யூனிட்டுக்கு ஆர்டர் கொடுக்கும் முன் கீழே உள்ளவற்றைப் பார்த்துவிடுங்கள்.

எரர் வந்ததும் ஆஃப் செய்து ஆன் செய்வதற்கு முன்னால் திரையில் காட்டும் எரர் கோடையும் (கோளாறு எண்) மெஷின் ஓட்டிய பக்கக் கணக்கையும் எழுதி வையுங்கள். ரிக்கோவில் எஸ்சி541 என்றால் வெப்ப சென்சார் பக்கம் கோளாறு, 542 என்றால் சூடு ஏறவில்லை, 543, 544 என்றால் சூடு மீறிவிட்டது, 545 என்றால் ஹீட்டர் அணையாமல் முழுத் திறனில் எரிகிறது. கேனானில் இ001 சூடு மீறல், இ002 சூடு போதிய வேகத்தில் ஏறாதது, இ003 ஏறிய சூடு இறங்கிவிட்டது. கோனிகா மினோல்டாவில் சி34 வரிசை வார்ம்-அப் கோளாறு, சி37 அதிக சூடு, சி38 குறைந்த சூடு, சி39 சென்சார் வயர். ஆக, எந்தக் கம்பெனியானாலும் கேள்வி ஒன்றுதான்: சூடு ஏறவில்லையா, மீறியதா, அளக்க முடியவில்லையா? தேட வேண்டிய இடம் இதை வைத்தே மாறும்.

இந்தக் கோடுகளில் பல, ஆஃப் செய்தாலும் போகாது. தீப்பிடிக்கும் அபாயம் இருப்பதால் வேண்டுமென்றே பூட்டி வைத்திருக்கிறார்கள். ரிக்கோவில் சர்வீஸ் மோடில் எஸ்பி5-810-001, கேனானில் கிளியர் மெனுவில் எரர் என்று போய் நீக்குவது டெக்னீஷியனுக்குத் தெரிந்த வேலை. காரணம் தெரியாமல் ‘சூடு மீறியது’ கோடை மட்டும் அழித்துவிட்டு ஓட்டுவது முட்டாள்தனம், அதற்கு வேறு பெயர் இல்லை.

சூடு ஏறாத கோடு வந்தால் முதலில் பிளக் பாயிண்ட். வார்ம்-அப் நேரத்தில் இந்த மெஷின்கள் 1,500 வாட் முதல் 2,000 வாட் வரை இழுக்கும். சும்மா இருக்கும்போது 230 வோல்ட் காட்டுவதில் அர்த்தமில்லை. மெஷின் ஆறியிருக்கும் காலையில் மல்டிமீட்டரை அதே போர்டில் வைத்து, ஆன் செய்தவுடன் எவ்வளவு இறங்குகிறது என்று பாருங்கள். 10 வோல்ட்டுக்கு மேல் இறங்கினால் வயர் மெலிசு அல்லது எங்கோ டெர்மினல் லூஸ். 190 வோல்ட்டுக்குப் போய்விட்டால் ஃபியூசரைச் சூடேற்றும் ஹாலஜன் லேம்ப்பின் திறன் கால் பங்குக்கு மேல் குறையும், மெஷின் காத்திருந்து பார்த்துவிட்டு எஸ்சி542 போடும். ஃபியூசரில் எந்தக் குறையும் இருக்காது, ஆனால் மாற்றியிருப்பார்கள்! 16 ஆம்ப் சாக்கெட், குறைந்தது 2.5 சதுர மி.மீ. செம்பு வயர், டிபியிலிருந்து (மெயின் டிஸ்ட்ரிபியூஷன் போர்டு) தனி லைன், நடுவில் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் கூடாது, ஏசியோடு சேர்க்கக் கூடாது. ஹீட்டர் எரியும்போதெல்லாம் அறை விளக்கு மினுக்கினால் மீட்டரே தேவையில்லை, லைன் சரியில்லை என்று அர்த்தம். சாதாரண இன்வெர்ட்டரிலோ சின்ன யூபிஎஸ்ஸிலோ ஓட்டுவது அதைவிட மோசம். ஹீட்டரை இயக்கும் சர்க்யூட் ஏசி அலை பூஜ்யத்தைக் கடக்கும் கணத்தை நம்பி வேலை செய்கிறது. அலை வடிவம் சிதைந்தால் ரிக்கோவில் எஸ்சி547 வரும்.

அடுத்தது, பலரும் பார்க்காமல் விடுவது: டிராயர் கனெக்டர். ஃபியூசரை வெளியே இழுத்தால் அதன் பின்பக்கம் ஒரு கனெக்டர், மெஷினுக்குள் அதற்கு எதிர் ஜோடி ஒன்று இருக்கும். டார்ச் அடித்துப் பாருங்கள். ஹீட்டர் பின்கள் மட்டும் பழுப்பாகவோ கறுப்பாகவோ இருக்கிறதா, பிளாஸ்டிக் உருகி வளைந்திருக்கிறதா? 7 ஆம்ப் போகிற பின்னில் 1 ஓம் தடை சேர்ந்தால் அந்த ஒரு புள்ளியிலேயே 49 வாட் சூடு. சால்டரிங் அயர்ன் முனையைக் கனெக்டருக்குள் செருகி வைத்த கதைதான். புது ஃபியூசரோடு ஒரு பக்கம் புதிதாக வந்துவிடும், கருகிய மறுபக்கம் மெஷினிலேயே இருக்கும், அது புதியதையும் சில மாதத்தில் கருக்கிவிடும். தொடர்ந்து ஃபியூசர் போகும் மெஷின்களில் முதல் சந்தேகம் இங்கேதான் இருக்க வேண்டும். உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பது சில நாள் தாங்கும், மேல்பூச்சு போனபின் இன்னும் வேகமாகக் கருகும். மெஷின் பக்கக் கனெக்டரை வயரோடு மாற்றுவதுதான் வழி. விலை ஃபியூசரோடு ஒப்பிட்டால் சொற்பம், வேலைதான் அதிகம். அதனாலேயே தட்டிக்கழிக்கிறார்கள்.

சூடு மீறிய கோடு என்றால் இரண்டு சாத்தியம். ஒன்று, உருளையைத் தொட்டபடி இருக்கும் தெர்மிஸ்டரின் (வெப்ப சென்சார்) மேல் டோனரும் பேப்பர் தூசும் பொருக்குத் தட்டி, உண்மையான சூட்டைவிடக் குறைவாகக் காட்டுவது. மெஷின் ஏமாந்து மேலும் மேலும் சூடேற்றும், கடைசியில் தெர்மோஸ்டாட் (சூடு மீறினால் கரண்டை வெட்டும் பாதுகாப்பு சுவிட்ச்) துண்டிக்கும். தொடாமல் அளக்கும் தெர்மோபைல் சென்சார் உள்ள மாடலில் லென்ஸில் படியும் தூசி இதே வேலையைச் செய்யும். இன்னொன்று, ஏசி டிரைவ் போர்டில் டிரையாக் (லேம்ப்புக்குக் கரண்டை விட்டு நிறுத்தும் எலக்ட்ரானிக் சுவிட்ச்) ஷார்ட் ஆகி லேம்ப் அணையாமல் எரிவது. புது யூனிட் போட்ட சில நிமிடத்திலேயே 544, 545 வந்தால் இதுதான். சுவிட்சைச் சுவரில் அணையுங்கள், இன்னொரு ஃபியூசரைச் செருகிச் சோதிக்காதீர்கள், அதுவும் போகும்.

பிளக்கைப் பிடுங்கி, யூனிட் நன்றாக ஆறியபின் மல்டிமீட்டரில் மூன்று அளவு எடுத்தால் போதும். லேம்ப் சில ஓம் காட்ட வேண்டும். தெர்மோஸ்டாட் பூஜ்யத்தை ஒட்டி. தெர்மிஸ்டர் அறைச் சூட்டில் பெரிய அளவு காட்டி, ஹேர் டிரையர் காற்றில் சீராக இறங்க வேண்டும். இறங்கும்போது துள்ளினால் உள்ளே விரிசல். லேம்ப் கண்ணாடியை விரலால் தொட்டால் ஐபிஏ (ஐசோபுரொப்பைல் ஆல்கஹால்) போட்டுத் துடைத்துவிடுங்கள், விரல் எண்ணெய் பட்ட இடம் வெடிக்கும். தெர்மோஸ்டாட்டை வயர் போட்டு ஷார்ட் செய்து ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். கடை எரிய வேண்டாமென்றால் அந்த ஆளை மாற்றுங்கள்.

பேப்பர் விஷயம் ஜெராக்ஸ் கடைகளுக்கு முக்கியம். 300 ஜிஎஸ்எம் அட்டையை ‘பிளெயின்’ என்று வைத்து ஓட்டினால் டோனர் முழுதாக உருகாமல் ஃபியூசர் பெல்ட்டில் ஒட்டும், அங்கிருந்து சென்சாருக்கும் பேப்பரைப் பிரிக்கும் நகங்களுக்கும் போகும். இங்க்ஜெட் போட்டோ பேப்பர், இங்க்ஜெட் ஓஎச்பி ஷீட் (கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் தாள்) இரண்டும் ஃபியூசருக்குள் உருகிச் சுற்றிக்கொள்ளும், ஒரே ஷீட் போதும் பெல்ட்டைக் கெடுக்க. பாதி உரித்த ஸ்டிக்கர் ஷீட்டும் அப்படியே. கவர், ஏ5 போன்ற குறுகலானவற்றைத் தொடர்ந்து ஓட்டும்போது பேப்பர் படாத இரு ஓரங்களிலும் சூடு ஏறிக்கொண்டே போகும், பெல்ட் ஓரம் கிழிவதும் புஷ் தேய்வதும் இதனால்தான். மெஷின் தானாக வேகத்தைக் குறைத்தால் விட்டுவிடுங்கள், உடனே ஏ3 போடாதீர்கள். கவருக்காகத் தளர்த்திய பிரஷர் லீவரைத் திரும்ப ஏற்ற மறந்தால் அடுத்த வேலையில் டோனர் விரலோடு வரும்.

பிரிண்டில் கறை திரும்பத் திரும்ப விழுந்தால் இடைவெளியை அளந்து 3.14-ஆல் வகுங்கள், கிடைப்பது உருளையின் விட்டம். 94 மி.மீ. என்றால் 30 மி.மீ. உருளை. சிக்கல், டிரம்மும் (படம் உருவாகும் உருளை) பல மாடல்களில் அதே விட்டம். அதனால் பேப்பர் ஃபியூசருக்குள் போகும் முன் கதவைத் திறந்து நிறுத்தி, உருகாத டோனர் உள்ள ஷீட்டைப் பாருங்கள். அதிலேயே கறை இருந்தால் ஃபியூசருக்குச் சம்பந்தமில்லை.

ரீகண்டிஷன் யூனிட் வாங்கினால் லேபிளில் வோல்ட்டைப் படியுங்கள். வெளிநாட்டுப் பழைய மெஷின்களோடு 120 வோல்ட் ஃபியூசரும் இங்கே வந்து சேர்கிறது. அதை 230-இல் போட்டால் கணக்குப்படி மூன்றரை மடங்குக்கு மேல் திறன், லேம்ப் அங்கேயே முடிந்தது. ஃபிலிம் ஸ்லீவ் (ஹீட்டரைச் சுற்றி ஓடும் மெல்லிய உறை) மட்டும் மாற்றியவற்றில் உள்ளே என்ன கிரீஸ் என்று கேளுங்கள். அதிக சூடு தாங்கும் ஃப்ளோரின் கிரீஸ் இல்லாமல் சாதா கிரீஸ் தடவினால் அது காய்ந்து, இழுவை கூடி, ஸ்லீவ் சுருண்டு கிழியும்; கியர் பல்லும் சேர்ந்து போகும். பிரஷர் ரோலரின் ரப்பர் ஊதியோ ஓரம் உதிர்ந்தோ இருந்தால் புது ஸ்லீவ் போட்டும் பயனில்லை.

மாற்றியபின் எக்ஸாஸ்ட் ஃபேன் சுற்றுகிறதா, ஃபில்டர் அடைத்திருக்கிறதா என்று பார்த்து, ஃபியூசர் கவுண்டரை ரீசெட் செய்யச் சொல்லுங்கள். சாதாரண ஏ4-இல் நான்கு கலரும் அடர்த்தியாக நூறு பக்கம் ஓட்டி விரலால் தேயுங்கள். ஒரு வாரம் கழித்து மெஷினை அணைத்து ஆறவிட்டு யூனிட்டை மறுபடி வெளியே இழுத்து அந்தக் கனெக்டர் பின்களை ஒருமுறை பாருங்கள். நிறம் மாறத் தொடங்கியிருந்தால் வாரண்டி இருக்கும்போதே டெக்னீஷியனைக் கூப்பிடுங்கள்.